செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

எனது மேசை லாச்சியில் இருந்த பிஸ்கட் டின்னை விசாரணைக் குழுவினராகிய நீங்கள் ஏற்கெனவே திறந்து பார்த்திருப்பீர்கள். அதில் ஒருபோதும் பிஸ்கட் இருந்ததில்லை. இருப்பவை துண்டுக் கடதாசிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு வாசகரின் பெயரும் கடவுச்சொல்லும்.

அவற்றை நான் கேட்டு வாங்கவில்லை. ஆய்விதழ்த் தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே வாசிக்கும் வசதியை இந்தப் பல்கலைக்கழக நூலகம் தொடங்கிய நாள் முதல் அதற்குப் பொறுப்பாக இருப்பவன் நான். கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுத்தால் உறுப்புரிமை இரத்தாகும் என்ற விதியை எழுதியவனும் நானே. வாசகர்கள் அந்த விதியின் கீழ் கையொப்பமிடுவார்கள். பிறகு அதே பேனையால் ஒரு துண்டில் கடவுச்சொல்லை எழுதி என்னிடம் நீட்டுவார்கள். "மறந்திருவேன் லெட்சுமணன் சேர், நீங்களே வச்சிருங்க." பயணம் போகும்போது வீட்டுச் சாவியை அயலில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாம். நீட்டிய கையைத் திருப்பி அனுப்புவது மரியாதையாகப் படவில்லை.

கிருஷாந்தியின் துண்டும் அப்படித்தான் வந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவர். தோட்டத்துப் பெண்களின் குறைப்பிரசவங்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய தாய் அப்படி இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் என்பதை ஒரே ஒரு முறை, வேறெதையோ சொல்லும்போது சொன்னார்.

"சிக்னல் எடுக்கணும்னா காலையில பேர் பதியிற பெரட்டுக் களத்துக்கு மேல ஏறணும் சேர். அங்க போனா அட்டை கடிக்குது. அட்டைக்கு என்னோட ஆராய்ச்சி மேல அவ்வளவு ஆசை."

ஆகவே ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். செவ்வாய்க்கிழமைதோறும் தேவையான கட்டுரைகளின் பட்டியலைக் கைபேசியில் அனுப்புவார். நான் அவருடைய கணக்கினுள் நுழைந்து அவற்றை இறக்கி, வெள்ளிக்கிழமை அவர் வரும்போது ஒரு பென்டிரைவில் கொடுப்பேன். இரண்டரை வருடங்கள் இது தவறவில்லை. பட்டியலில் இல்லாத கட்டுரைகளையும் நான் தேடிச் சேர்ப்பேன். அடுத்த வாரம் அவருக்கு என்ன கேள்வி எழும் என்பது அவருக்கு முன்பே எனக்குத் தெரியத் தொடங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு பக்கெட் தேயிலையுடன் வந்தார். பேராதனையில் அறை கிடைத்துவிட்டதாம். அங்கே இணைய வசதியும் உண்டாம்.

"இனி நானே பாத்துக்கிறேன் சேர். ஒங்களுக்கு ஏன் சும்மா கரச்சல்? இன்னும் ஆறு மாசந்தான், முடிச்சிருவேன்."

நல்லது என்றேன். தேயிலையை வீட்டுக்குக் கொண்டுபோனேன், தரமான தேயிலை.

இரண்டு செவ்வாய்க்கிழமைகள் பட்டியல் வரவில்லை. கடவுச்சொல்லை அவர் மாற்றியிருப்பாரோ என்று பார்த்தேன். மாற்றவில்லை. இவ்வளவு கவனமற்ற ஒருவர் தனியாகச் சமாளிப்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை. காவலில்லாத கணக்கு என்ன அபாயத்தைக் கொண்டுவரும் என்பதை யாராவது அவருக்குக் காட்டியாக வேண்டும். வேறொருவர் காட்டுவதைவிட நான் காட்டுவது பொருத்தம் எனக் கருதினேன்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை மதியம், எனது கணினியிலிருந்து அவருடைய கணக்கினுள் நுழைந்து, ஒரே வெளியீட்டாளரின் இதழ்களைத் தொடர்ச்சியாக இறக்க ஒரு சிறு நிரலை ஓடவிட்டேன். பார்சல் சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது நாலாயிரம் கட்டுரைகள் இறங்கியிருந்தன. மாலைக்குள் வெளியீட்டாளர் எமது நிறுவனம் முழுவதற்கும் வாசிப்பைத் தடைசெய்தார். மறுநாள் கடிதம் வந்தது. அதில் ஒரேயொரு கணக்கு குறிப்பிடப்பட்டிருந்தது.

உங்களில் இருவர் அன்றைய விசாரணையிலும் இருந்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்களே அறிவீர்கள். "கணக்கு அவருடையது. கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டியது" என்றேன். எங்கிருந்து இறக்கப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. கேட்காத ஆவணத்தை முன்வைப்பது என் வழக்கமன்று.

கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்தீர்களா என்று நீங்கள் அவரிடம் கேட்டபோது, அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"இல்ல. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அந்த ஒரு பதிலால் அவருடைய ஆய்வுப் பதிவு இரத்தானது. படிக்கட்டில் என்னை நிறுத்தித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எவனோ களவா எடுத்திருக்கான் சேர். ஒங்க பேரச் சொன்னா ஒங்க வேலையும் போயிரும். எனக்காகத்தானே வச்சிருந்தீங்க."

"கவனமா இருந்திருக்கணும் பிள்ள" என்றேன். அது உண்மையான அறிவுரை.

இப்போது அவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். பட்டம் இல்லாவிட்டாலும் ஒரு கட்டுரையையாவது எழுதி முடிக்க விரும்பினார். ஒரு மாதத்தின் பின் பட்டியல் மீண்டும் வந்தது. "ஒங்கள விட்டா எனக்கு யாரு சேர்" என்று கீழே எழுதியிருந்தார். அன்றிலிருந்து எனது கணக்கிலேயே இறக்கிக் கொடுக்கிறேன்; ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவில்லை.

பழைய பதிவேடுகளைப் புதிய கணினிக்கு மாற்றும்போது அஸ்ஃபர் அந்த நாலாயிரம் கட்டுரைகளின் பதிவைக் கண்டுபிடித்தார். மடவளையிலிருந்து வரும் இளம் உத்தியோகத்தர், திறமைசாலி. அதன் அச்சுப் பிரதியுடன் என் முன் நின்றார்.

"சேர், இது எல்லாம் ஒங்கட மெஷின்லருந்துதான் போயிருக்கு. அழிச்சீக்கலாமே. ஏன் வெச்சீக்கிறீங்க?"

பதிவேடுகளை ஐந்து வருடம் பேண வேண்டும் என்பது விதி என்று அவருக்கு நினைவூட்டினேன்.

ஆம், நான்தான் செய்தேன். எதையும் மறுக்கவில்லை. எனது கணக்கை மட்டும் இப்போதைக்கு முடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிருஷாந்திக்கு எந்தக் கட்டுரை எப்போது தேவைப்படும் என்பது வேறு எவருக்கும் தெரியாது.

நேற்றே அவரை அழைத்து எல்லாவற்றையும் தெரிவித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நல்லது. இன்று செவ்வாய்க்கிழமை. பட்டியல் இன்னும் வந்து சேரவில்லை. கலஹாப் பக்கம் காலையிலிருந்து மழையாம், சிக்னல் கிடைத்திருக்காது.