தூணடியில் நின்ற மனிதர்

ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. அதனால் நண்பர் சிவமணியின் காரிலேயே போய்விடுவேன். பூசை முடிந்ததும், நான் படம் வரைவதற்காக, வின்ட்சருக்கு அப்பால் உள்ள ஒரு இடிந்த மாளிகைக்கு அவர் என்னைக் கூட்டிப்போவார். ராதா, நீங்கள் மொழிபெயர்க்கும்போது இதையும் பொலிஸ்காரருக்குச் சொல்லுங்கள். எங்களுக்குள் ஒரு பகையும் இருந்ததில்லை.

அங்கே கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள், பாதி சரிந்த ஒரு கல் வளைவு. பழைய ஐரோப்பிய ஓவியர்கள் இடிபாடுகளை வரையும்போது தூணடியில் ஒரு சின்ன மனிதரை நிறுத்துவார்கள். அவர் இல்லாவிட்டால் தூணின் உயரம் தெரியாது. என் படங்களில் அந்த மனிதர் சிவமணிதான். எத்தனை வருடம் வெயிலில் அலுக்காமல் நின்றார். இந்தக் காலத்தில் யார் நிற்பார்கள்?

அவர் கட்டட எஞ்சினியர். வளைவு ஆடுகிறது என்று சொல்லி, ஒரு மரத்தடியைக் கொண்டுவந்து முண்டு கொடுத்தார். படத்துக்கு அது அசிங்கம். பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் கவுன்சில் ஆட்கள் வந்து அளவெடுத்தார்கள். எல்லாவற்றையும் இடிக்கப்போகிறார்களாம். யார் முறைப்பாடு கொடுத்தது என்று சிவமணியிடமே கேட்டேன்.

"நான்தான் அண்ணை எழுதிக் குடுத்தனான். உங்களுக்கு மேல விழுந்தா, வீட்டில அண்ணிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே நின்று கழுத்தறுத்துவிட்டார். ஆனாலும் சத்தம் போடவில்லை. கடைசியாக ஒரு படம் வரைவோம் என்றேன்.

"ஓம் அண்ணை, அதுக்கென்ன" என்றார்.

அடுத்த ஞாயிறு அங்கே போய் இறங்கி, அவர் தண்ணீர்ப் போத்தல் எடுக்கத் திரும்பக் காருக்குப் போனபோது, முண்டின் அடியில் இறுக்கியிருந்த ஆப்பைத் தட்டி எடுத்தேன். முண்டு சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. சாய்ந்தால் நழுவும் என்று எனக்குத் தெரியும்.

"சிவமணி, அந்தத் தடி படத்தில தெரியுது. முதுகால மறைச்சுச் சாய்ஞ்சு நில்லும்" என்றேன்.

"கெதியா முடியுங்கோ அண்ணை, பசிக்குது" என்று சிரித்துக்கொண்டே சாய்ந்தார்.

கல் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் என்னைக் கூப்பிட்டார். வெளிச்சம் அருமையாக இருந்தது. படத்தை முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

அந்தப் படத்தைப் பொலிஸ்காரரை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள், ராதா. வளைவு இருந்தபடியே இருக்கிறது. தூணடியில் சிவமணி நிமிர்ந்து நிற்கிறார். எனக்குத் துரோகம் செய்த மனிதர்தான், ஆனாலும் அவரை நான் விழவிடவில்லை.