இரண்டாவது ஜீன்

மீன்களுக்குத் தீவனம் போடும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, ஐயா. ஆய்வகத்துக்குத் தலைவியான பிறகும் காலையில் வந்ததும் தொட்டிப் பக்கம்தான் போவேன்.

கடல்மீனுக்கு நல்ல கொழுப்பு இரையிலேயே கிடைத்துவிடும். நன்னீர் மீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாவர எண்ணெயைத் தின்று, உடம்புக்குள் தானே அதைச் செய்துகொள்ள வேண்டும். அதற்கான ஜீன் எங்கள் மீனில் என்றோ இரட்டித்துவிட்டது. முதலாவது வேலை செய்கிறது, இரண்டாவது சும்மா கிடக்கிறது என்று எழுதியவள் நான். அந்த ஒரு வரியில்தான் என் பெயரே நின்றது.

தங்கையை அதே ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். அம்மா போன பிறகு தலை வாரிவிட்டு அவளை ஆளாக்கினேன். அவள் முதல் ஜீனை முடக்கிப் பார்த்தாள். அப்போதும் மீன் கொழுப்பைச் செய்தது. என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா எழுதினது தப்பு. ரெண்டாவதும் வேலை செய்யுது."

கூட்டமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அவளுடைய தாவரத் தீவனத்தில் கொஞ்சம் மீன் எண்ணெய் கலந்தேன். இரண்டு ஜீனையும் முடக்கினால் கொழுப்பு இருக்கக் கூடாது என்பது அவள் கணக்கு; எண்ணெயிலிருந்தே வந்து அந்த மீனிலும் நிறைந்துவிட்டது. அவள் சோதனையே பொய் என்றாகிவிட்டது. முடிவை ஜோடித்தாயா என்று இயக்குநர் கேட்டாராம். அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். அத்தோடு அவள் அடங்கியிருக்க வேண்டும்.

அடங்கவில்லை. தீவனத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், குளிரறையில் மிச்சம் இருக்கிறது, அதை எடுத்துச் சோதிக்கப் போகிறேன் என்றாள். யாரோ என்றுதான் சொன்னாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

குளிரறையின் உள்தாழ் வெகுநாளாகப் பழுது; கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் தீவன வாளியை வைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அவளும் வைத்துவிட்டுத்தான் போனாள். விடுமுறை நாள், வேறு யாரும் இல்லை. அவளுடைய கைபேசி மேசைமேல் கிடந்தது. குளிர் வெளியேறினால் உள்ளே இருக்கும் மாதிரிகள் கெட்டுவிடும். வாளியை எடுத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தட்டினாள். வெளியில் இருக்கிறாயா அக்கா என்று கேட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன்.

"ரெண்டாவது சும்மாதான் கிடக்குதுன்னு சொல்லு. திறக்கிறேன்."

முதலில் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு கெஞ்சினாள், திட்டினாள், விரல் மரத்துப்போகிறது என்று அழுதாள். அதை மட்டும் சொல்லவில்லை. எவ்வளவு திமிர் பாருங்கள். கடைசியில் பல் கிட்டிப்போன குரலில், "அது வேலை செய்யுதுக்கா" என்றாள். அதன்பிறகு சத்தம் இல்லை.

பொய்யாகச் சொல்லியிருந்தால்கூடத் திறந்திருப்பேன். கதவு கடைசிவரை அவள் கையில்தான் இருந்தது, ஐயா.