தண்டல் பொங்கின சோறு

ரொம்ப ரொம்ப முன்னாடி, தெக்குக் கடக்கரையில சங்குமுனைன்னு ஒரு ஊரு. அங்க கயித்தான்னு ஒரு மனுசன் இருந்தாராம். எனக்குப் பூட்டன். கொழும்புக்கு ஓடுத பாய்த்தோணியில அவருதான் பண்டாரி, அதாவது சமையக்காரரு. பதினோரு பேருக்கு மூணு வேளையும் பொங்கணும். ஆக்குவாரு, போடுவாரு, கழுவுவாரு. கழுவி முடிக்கதுக்குள்ள அடுத்த உலை. மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும் அதே. சொல்லும்போதே எனக்கு அலுப்பா வருது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

தோணி அடுப்புன்னா ஒரு மரப்பெட்டி, உள்ள மண்ணு, மண்ணுக்கு மேல மூணு கல்லு. ஆட்டத்துல பானை சாயாம ரெண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கும்.

ஒரு தடவ கொழும்புலேர்ந்து திரும்பி வாராவ. நடுக்கடல்ல பெருங்காத்து பிடிச்சிட்டு. பாயி கிழிஞ்சிட்டு. தோணிக்குத் தலைவரு சந்தியாகு தண்டலு. அவரு ஓடி வந்து, அந்த அடுப்புக் கயித்த அவுத்துட்டுப் போயி பாயைக் கட்டினாராம். கட்டினது சரிதான், இல்லன்னா நான் இங்க உக்காந்து பேச முடியுமா? ஆனா அடுப்புக்கு வேற கயிறு கொடுக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல.

ஆறு நாளு காத்தாம். ஆறு நாளும் உலை கொதிச்சுதாம். எப்படிக் கொதிச்சுதுன்னு ஒருத்தனும் கேக்கல. தட்டு வந்துச்சு, தின்னான், வேலைக்குப் போனான். அவனவனுக்கு அவனவன் உசுரு.

ஏழாம் நாளு கரை தெரிஞ்சுது. கரை தெரிஞ்ச அன்னைக்குப் பண்டாரி தேங்காப்பால் சோறு ஆக்கணும், அதுதான் வழக்கம். தண்டலு வந்து, உலை வைக்கலையான்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டாரு கயித்தான். பாய்மரத்துல சாஞ்சு உக்காந்தவரு எழும்பல. தண்டலுக்குக் கோவம் வந்துட்டு. அடுத்த நடைக்கு உனக்கு இந்தத் தோணியில இடம் கிடையாதுன்னாரு. இடம் போனா வீட்டுல அஞ்சு பிள்ளையளும் பட்டினிதான். அது தெரிஞ்சும் மனுசன் எழும்பல. மடியில கிடந்த கையில சுத்தியிருந்த சாக்குத்துணிய, பல்லால மெதுவா அவுத்தாரு.

ரெண்டு உள்ளங்கையிலயும் தோலு இல்ல.

"ஆறு நாளா பானைய நாந்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், தண்டல்" அப்படின்னாராம்.

"கேட்டிருந்தா வேற கயிறு தந்திருப்பேனேய்யா."

"பானைய விட்டுட்டு வந்து கேக்கதுக்குக்கூட முடியல."

தண்டலு நேரா போயி அடுப்பு மூட்டினாரு. அவருக்கு அடுப்பு பழக்கம் உண்டா? கண்ணெல்லாம் புகை. சோறு அடியில பிடிச்சு, மேல வேகாம, என்னமோ ஆக்கிக்கிட்டு வந்து கயித்தானுக்கு வாயில ஊட்டினாரு. மத்த பேரெல்லாம் பாத்துக்கிட்டு நிக்காவ.

"உப்பு இல்ல, தண்டல்."

தண்டலு உப்பெடுக்க எழும்பினாரு.

"இருக்கட்டும், உக்காருங்க. தோணியில நான் ஆக்காத சோறு இன்னைக்குத்தான் திங்கேன்" அப்படின்னு சொல்லி அழுதாராம். பெறவு எல்லாரும் அந்தச் சோத்தையே உப்பில்லாமத் தின்னாவளாம்.

இப்ப இன்சின் வந்துட்டு, கேஸ் அடுப்பு வந்துட்டு. ஆனாலும் எங்க ஊருத் தோணியில கரை தெரிஞ்ச அன்னைக்குத் தண்டலுதான் பொங்கணும். உப்பு போடக் கூடாது. மொத வாயி பண்டாரிக்கு. அவரு தின்னு முடிக்கிற மட்டும் தண்டலு பக்கத்துலேயே உக்காந்திருக்கணும்.