ரெண்டு கிரீஸ் டப்பா

ஹலோ... ஹலோ, அக்கா? நான்தான், தம்பி. ரிப்பேர் கடையிலேருந்து பேசறேன்... இல்ல இல்ல, தேர்வுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிடல. ட்ரம்பெட் எங்க? கையில இருக்கா?... நேத்து வாங்கிட்டுப் போனப்புறம் ஊதிட்டியா?... அக்கா, ஒரே வார்த்தையில சொல்லு, ஊதிட்டியா இல்லையா?

...

அப்பாடா... ஆமா, ஆமா, ஊதிச் சூடு பண்ணணும், தெரியும். வேணாம். வாயிலேயே வைக்காதே. விரல் வைக்கற வால்வையும் அமுக்காதே.

... கத்தலக்கா... சரி, கத்தினேன். நீ எத்தனையாவது ஆளு?... மூணாவதா. இப்ப ரெண்டாவது ஆளு உள்ள போயாச்சா... பத்து நிமிஷம். பத்து நிமிஷம் போதும்.

நேத்து சாயங்காலம் பெரிய ஸ்லைடுக்கு கிரீஸ் போட்டுக் குடுத்தேன்ல... ஆமா, சுருதி சேர்க்க இழுப்பியே, அந்தக் குழாய்தான். அது கிரீஸ் இல்லையோன்னு...

... சொல்றேன், சொல்ல விடு! இறுகிப்போன ஸ்லைடைத் தேய்ச்சு வழிக்குக் கொண்டு வர ஒரு பேஸ்ட் உண்டு. கிரீஸ்ல பொடி மணல் கலந்த மாதிரி. பித்தளையையே தேய்ச்சுடும். அதை ஒரு காலி கிரீஸ் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன்... ஆமா, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். டப்பா நல்லா இருக்கே, தூக்கிப்போட மனசு வரல. இப்ப ஒரு ஸ்லைடைத் தேய்க்கலாம்னு பேஸ்ட்டை எடுத்தா, வெண்ணெய் மாதிரி வழுக்குது. தேயவே மாட்டேங்குது. அப்ப நேத்து உனக்குப் போட்டது எது?

ஸ்லைடை மெதுவா உருவு... உருவு முதல்ல. ரெண்டு விரல்ல வச்சுத் தேய். வழுக்குதா, நறநறங்குதா?

...

அய்யோ.

... அழாதே. அழாதேக்கா, நீ அழுதா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஊதியிருந்தா காத்து அந்தத் தூளை நேரா வால்வுக்குள்ள தள்ளியிருக்கும். வால்வு கீறிக்கிட்டா அவ்வளவுதான், வாத்தியமே போச்சு. நீ ஊதல. பொழைச்சோம். கைக்குட்டை இருக்கா?... தண்ணி வேணாம்! தண்ணி விட்டா தூள் உள்ள ஓடிடும். குழாய் வாயைக் கீழ சாய்ச்சுப் பிடிச்சு, கைக்குட்டையைப் பென்சில்ல சுத்தி, உள்பக்கமும் துடை... இன்னும்... நறநறப்பு போற வரைக்கும்...

போச்சா? நல்லாப் பாரு... சரி. இப்ப எதைப் போடறது... வால்வு ஆயில் ஆகாது, தண்ணி மாதிரி இருக்கும், வாசிக்கறப்பவே ஸ்லைடு தானா நகர்ந்து சுருதி இறங்கிடும்... கைக்குப் பூசற கிரீமா? ஐயய்யோ, அதுல பாதி தண்ணி, காஞ்சா ஒட்டிக்கும்... வாசலின் இருக்கா? உதட்டுக்குப் போடறதா? போதும்! அது கெட்டியா நிக்கும், இன்னைக்கு ஒரு நாள் தாங்கும். அரிசி அளவு போடு, மேல வேணாம்.

... எந்த டப்பா?... ஓ, அவசரத்துக்கு வச்சுக்கோன்னு குடுத்த குட்டி டப்பாவா? அதுலயும் அதே பேஸ்ட்தான், தொடாதே, மூடி வை... என்னது?... யாருக்குக் குடுத்தே?

... ரெண்டாவது ஆளுக்கா? ஏன்க்கா, அந்த இசைக்குழுவுல இருக்கறது ஒரே ஒரு வேலை, போட்டிக்கு வந்தவனுக்குப் போயி... ஸ்லைடு இறுக்கமா இருக்குன்னு கேட்டா குடுத்துடறதா?... போட்டுக்கிட்டானா?

அப்ப அந்த ட்ரம்பெட் சத்தம்... உள்ளேருந்து கேக்குதே... அவன்தானா?

...

அக்கா, நான் சொல்றதைக் கேளு. சும்மா உட்காரு. ஒண்ணும் தெரியாத மாதிரி உட்காரு... தெரியும், தெரியும், பாவம்தான். ஆனா யாரு நம்புவா? தம்பி கடையில தப்பான டப்பா, அக்கா கையால குடுத்தா, போட்டிக்கு வந்தவன் வாத்தியம் கெட்டுச்சு. வேணும்னே செஞ்சோம்னுதான் சொல்லுவாங்க! என் கடைப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டான், உன்னை ஒரு குழுவுலயும் சேர்க்க மாட்டாங்க...

... எங்க எழுந்திருக்கே? நடுவுல கதவைத் தட்டினா வெளிய அனுப்பிடுவாங்கன்னு நீதானே சொன்னே!... இந்த வேலைக்கு ஏழு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேக்கா... எனக்குப் பயமா இருக்கு... அக்கா, இரு... அக்கா!

...

தட்டிட்டியா.

... ஊதறது நின்னுடுச்சு.

யாரு அது, சத்தம் போடறது? தேர்வு நடத்தறவரா?... குடு. போனை அவர்கிட்ட குடு... பரவாயில்ல, குடு.

ஐயா, வணக்கம். அந்த கிரீஸைக் குடுத்தவன் நான்தான். அவங்க தம்பி... குடுக்கறப்ப அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. முதல்ல உள்ள ஊதினவரை இனி ஊத வேணாம்னு சொல்லுங்க, வால்வை அமுக்க வேணாம்... ஆமாங்கய்யா, என் தப்புதான்... இல்லைங்க, வேணும்னு செய்யல, சத்தியமா... அவர் வாத்தியத்துக்கு நான் பொறுப்பு, இப்பவே கிளம்பி வர்றேன்... நடுவுல தட்டினா வெளியங்கற விதி எனக்குப் புரியுதுங்க... சொல்லாமலே இருந்திருக்கலாம்யா அவங்க. நான் அப்படித்தான் சொன்னேன், அவங்க கேக்கல...

ஐயா? அக்காகிட்ட என்ன சொல்றீங்க? உட்காரச் சொல்றீங்களா, போகச் சொல்றீங்களா?... ஐயா? ஹலோ?... ஹலோ?