கவிழாத குழந்தைக்குச் சுட்ட நெய்யப்பம்

தலைமையேற்று வீற்றிருக்கும், நம் சங்கத்தின் தூணாக நிற்கும் ஹரிநாராயணன் அவர்களே! மட்டாஞ்சேரி மழையை மதிக்காமல் வந்து மன்றம் நிறைத்திருக்கும் பெரியோர்களே! எர்ணாகுளம் பிராட்வேயில் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுப் படகேறி வந்த சகோதரர்களே! மடியில் மழலையும் மனத்தில் மறைத்த கவலையுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல. ஒரு பொய் சொன்ன தாய். அந்தப் பொய்யைப் பதினாறு ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

அந்நாளைய நம் சந்தினை நினைத்துப் பாருங்கள். சுக்கும் மிளகும் மணக்கும் காற்று. ஒரு வீட்டுக் குக்கர் விசில் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். பிறக்கும் குழந்தை ஒரு வீட்டுக் குழந்தையா? இல்லை! சந்துக்கே குழந்தை. அது குப்புறக் கவிழ்ந்தால் நெய்யப்பம், பல் முளைத்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் பாயசம். வீட்டுக்கு வீடு தட்டு போகும். எந்தக் குழந்தை என்ன செய்கிறது என்பதைச் சந்து முழுவதும் நாக்கால் அறிந்துவைத்திருந்த காலம் அது!

என் மகள் அதிதி ஏழரை மாதத்தில் பிறந்தவள். ஒன்றேகால் கிலோ. மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: மூன்றாம் மாதம் வளர்ச்சிப் பரிசோதனைக்கு வரவும். குழந்தைதான் கொழுகொழுவென்று ஆகிவிட்டாளே, இனி என்ன பரிசோதனை? தாளைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். படித்தவள்தான், பட்டம் பெற்றவள்தான், வைத்தேன்.

ஏழாம் மாதம் வந்தது. அவள் கவிழவில்லை. எதிர்வீட்டு மீனாக்ஷியின் பிள்ளை கவிழ்ந்து, அப்பம் வந்து, தட்டும் திரும்பிப் போய்விட்டது. “என்னடி, உங்காத்து அப்பம் எப்போ?” என்று தினமும் ஒரு குரல். கேட்டவர்கள் அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்குத்தான் உடம்பு கூசியது. ஒரு வெள்ளிக்கிழமை வெல்லம் கரைத்தேன், மாவு கலந்தேன், அப்பம் சுட்டேன். கவிழாத குழந்தை கவிழ்ந்துவிட்டாள் என்று சந்து முழுவதும் கொடுத்தேன்!

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். கனகாம்பாள் மாமி, உங்கள் வீட்டுக்கும் வந்தது அந்த அப்பம். “பேஷா இருந்தது” என்று சொல்லியனுப்பினீர்கள்!

எல்லோரும் நம்பினார்கள், ஒருத்தியைத் தவிர. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நம் சந்தில் பூ விற்ற சீனியம்மாள். மறுநாளே வாசலில் நின்றாள்.

“என்ன மாமி, பிள்ளை கவுந்துருச்சாமே! எங்கே, ஒருக்கா கவுறச் சொல்லுங்க, பாப்போம்.”

“இப்பதான் பால் குடிச்சா, சீனியக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

மறுநாள், “தூங்கறா.” அதற்கு மறுநாள், “ஜலதோஷம்.” நான்காம் நாள் சீனியம்மாள் பூக்கூடையை இறக்கிவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் மாமி, உங்க பிள்ளை கவுறதுக்கு நல்ல நாள் பாக்குதாக்கும்?”

பாயில் கிடந்த அதிதியின் வலக்கையருகே ஒரு செவ்வந்தியை நீட்டினாள். இடக்கை குறுக்கே பாய்ந்து வந்து பூவைப் பிடித்தது. வலக்கை கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு மூடியபடியே கிடந்தது. எனக்கோ பெருமை! “அவ இடதுகைக்காரி, சீனியக்கா. புத்திசாலியா வருவா” என்றேன்.

சீனியம்மாள் சிரிக்கவில்லை.

“எம்மவனுக்கும் இப்படித்தான் ஒரு கை மூடியே இருந்துச்சு, மாமி. சரியாயிரும் சரியாயிரும்னு மூணு வயசு வரைக்கும் உக்காந்திருந்தோம். நாளைக்கு நான் கூடை எடுக்கல. படகுல உங்ககூட வாரேன்.”

வந்தாள். இன்றுபோல் குளிரூட்டிய வாட்டர் மெட்ரோவா அன்று? டீசல் புகை கக்கும் பழைய படகு. எர்ணாகுளத்துச் சிகிச்சை மையத்தில் குழந்தையின் காலை மடக்கிப் பார்த்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எந்தா சேச்சி, நேரத்தே வராஞ்ஞது?” ஏன் முன்பே வரவில்லை? பிறந்த சமயத்தில் மூளையில் பட்ட சிறு பாதிப்பு, வலக்கையையும் வலக்காலையும் இறுக்கியிருக்கிறது என்றாள்.

வாரம் மூன்று நாள் போனோம். இடக்கைக்கு ஒரு காலுறையை மாட்டிவிட்டு வலக்கையால் விளையாடப் பழக்கினார்கள். அவள் அலறுவாள். படகில் எதிரே உட்கார்ந்தவர்கள் விஷயம் தெரிந்துகொண்டு, அவள் வலப்பக்கமாக வளையலை ஆட்டினார்கள், சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள். பெயர் தெரியாத அந்த முகங்களை இப்போதும் தேடுகிறேன். பதினோராம் மாதம் ஒரு காலையில் அவள் கவிழ்ந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பம் சுடவில்லை. ஏற்கெனவே சுட்டாயிற்றே!

இன்று பிளஸ் ஒன் படிக்கிறாள். வலக்காலைச் சற்றே இழுத்துத்தான் நடப்பாள். சட்டைப் பொத்தானுக்கு நேரமாகும். ஆனால் படகில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறாள். மூன்றாம் மாதமே போயிருந்தால் அந்தக் காலும் இழுத்திருக்காதோ? எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று காலையில் கேட்டேன். “சொல்லிக்கோம்மா. ஆனா பாவம் குழந்தைன்னு மட்டும் ஆரம்பிக்காதே” என்றாள்.

தாய்மார்களே! குறைமாதத்தில் பிறந்ததா? எடை குறைவா? பிறந்தவுடன் அழவில்லையா? உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லையா? ஒரு கை மட்டும்தான் நீள்கிறதா? காத்திருக்காதீர்கள்! கைக்குழந்தையின் மூளை களிமண்போல் இளகியிருக்கும் காலம் அது. காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பினால் நஷ்டமென்ன? வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மன்றத்தில் சிகிச்சையாளர்கள் வந்து குழந்தைகளைப் பார்க்கிறார்கள். வெட்கமாக இருந்தால்...

என்னம்மா? தூணோரம் எழுந்து நிற்கிறீர்களே, உங்கள் பெயர்? கற்பகமா? எத்தனை மாதம்? எட்டா? உட்கார வைத்தால் சரிந்துவிடுகிறானா? வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையா?

அழாதீர்கள். சொல்லிவிட்டீர்களே! ஞாயிறுவரை எதற்கு? நாளைக் காலை முதல் படகில் நாம் இருவரும் போகிறோம்.

தலைவர் அவர்களே, இன்னும் இரண்டு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்; படிக்காமலே முடிக்கிறேன், மன்னியுங்கள். இதுவரை செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம். கற்பகம், அங்கேயே இருங்கள். இறங்கி வருகிறேன்.