கிணறு நீங்கலாக

— ஒரு சொல்லுத்தானே, நொத்தாரிசு ஐயா. 'கிணறு நீங்கலாக' எண்டு கிடக்கிறதை 'கிணற்றுப் பங்கு உட்பட' எண்டு மாத்திவிடுங்கோ.

— இராசநாயகம், இதென்ன சிலேற்றே, துடைச்சு எழுத? எண்பத்தாறிலை முடிச்ச காணி உறுதி. பதிஞ்சு நாலு வருசம். திருத்த உறுதி எழுதவேணும், விளங்குதே? காணி வித்த நீரும் ஒப்பம் வைக்கவேணும், வாங்கினவனும் வைக்கவேணும்.

— வாங்கின பொன்னம்பலம் செத்து மூண்டு மாசமெல்லே!

— பிள்ளைகுட்டி இல்லை, பெண்சாதி கமலாவதிக்குத்தான் உரித்து. அதுதான் கூப்பிட்டு விட்டனான். உதிலை விறாந்தையிலை நிக்கிறா. வா பிள்ளை, வந்து இரு.

— நிக்கிறன், ஐயா.

— பிழை என்ரை கந்தோரிலைதான். இராசநாயகம், நீர் முந்திக் கொக்குவிலாருக்கு வித்த துண்டு கிணறு இல்லாமல்தானே. கிளாக்கர் அந்த உறுதியைப் பாத்து அப்பிடியே எழுதிப்போட்டான். ஆனால் ஒப்பத்துக்கு முதல் நான் வாசிச்சுக் காட்டினனான். ரெண்டு பேரும் ஓம் எண்டனியள்.

— பொன்னம்பலம் வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருந்தவன். 'அண்ணைக்குச் சரியெண்டால் எனக்கும் சரி' எண்டான்.

— நீர்? அந்தச் சொல்லு உமக்குக் கேட்டதோ?

— கேட்டது, ஐயா. கிணத்திலை பங்கெண்டு கதைச்சுப்போட்டும் வாயைத் திறக்கேல்லை. பிறகு ரெண்டு பேற்றை புகையிலைக்கும் தண்ணி காணாமல் வரேக்கை, உறுதியைக் காட்டி வேலியை அடைச்சுப்போட்டன். 'கதைச்சது என்ன அண்ணை, இப்ப செய்யிறது என்ன?' எண்டு படலையிலை நிண்டு கேட்டவன். 'எழுத்தைப் பார்' எண்டனான்.

— அதாலைதான் அவன் கோயில் கிணத்துக்குப் போனவன்.

— ஓம். உச்சி வெய்யிலிலை, ரெண்டு வாளியோடை. ஆமி அடிச்ச ஷெல் விழுந்தது அங்கைதான். அண்டு துவக்கம், மத்தியானம் பன்ரெண்டு மணியெண்டால் என்ரை கிணத்திலை கப்பி உருளுற சத்தம் கேக்குது, ஐயா. ஓடிப்போய்ப் பாத்தால் ஒருத்தரும் இல்லை. கயிறு நனைஞ்சு கிடக்குது. கிணத்துக்கட்டிலை சுண்ணாம்பு விரலடையாளம்.

— பயத்திலை கதைக்கிறீர்.

— பயந்தான்! சோறு இறங்குதில்லை. மனிசி பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கொடிகாமத்துக்குப் போட்டாள். தங்கச்சி, ஒப்பத்தை வை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன். இண்டைக்கே வேலியைப் பிரிக்கிறன். அவன்ரை பங்கைக் குடுத்தால் அவன் போயிடுவான்.

— மெய்யாய் அவர் வாறவரோ, அண்ணை?

— சத்தியமாய், பிள்ளை. ஒருநாளும் தவறேல்லை.

— எங்கடை வீட்டுக்கு ஒரு கனவிலைகூட வரேல்லை.

— இந்தா பேனை, கமலாவதி. இதிலை வை. உன்ரை தண்ணிக் கஷ்டமும் தீரும்.

— வேண்டாம், ஐயா. கோயில் கிணத்துக்கு நான் நடப்பன், அவரும் நடந்தவர்தானே. இராசநாயகம் அண்ணை, எழுத்தைப் பாருங்கோ. கிணறு உங்கடை. அதிலை தண்ணி அள்ள வாறவரும் உங்கடைதான்.