நெற்றி வரை வந்த படம்

ஒரு டிஸ்க் திறக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். இதை யாரும் கேட்பதில்லை. பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவார்கள், தட்டிப் பார்ப்பார்கள், ஃபார்மட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் சரி என்று அமுக்குவார்கள். குரங்கு கையில் பூமாலைதான். எல்லாம் முடிந்தபிறகு என் கடைக்கு வந்து, "எப்படியாவது எடுத்துக் குடுங்க சார், உயிரே அதுலதான் இருக்கு" என்பார்கள். எடுத்துக் கொடுத்த மறுநாள் தெருவில் எதிரே வந்தால் முகம் தெரியாது. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. பத்தொன்பது வருடங்களாக நான் அந்த ஓடத்தை ஓட்டுகிறேன், ஐயா. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டீச்சர் அப்படிப்பட்டவர் அல்ல. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். டிஸ்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். விழுந்த நிமிடத்திலிருந்து மறுபடி சொருகிப் பார்க்கவே இல்லை என்றார். அவருக்கு ஓரப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது. தரையில் கிடந்த ஒயர் தெரியாமல் கால் தடுக்கி, மேஜையிலிருந்து டிஸ்கை அவரே இழுத்துத் தள்ளியிருக்கிறார். விபத்தில் இறந்த மகனின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வீடு மாறும்போது பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து அதில் ஏற்றிவிட்டு, ஆல்பங்களைக் கழித்துக் கட்டியது அந்த மகன்தான். அவனுடைய போனும் விபத்தில் அவனோடு போய்விட்டது. வேறு பிரதி கிடையாது.

"கண் டாக்டர் ஒரு வருஷம்னு சொல்லியிருக்காரு தம்பி. அதுக்குள்ள அவன் முகத்த ஆசைதீரப் பாத்துக்கணும். அப்புறம் இருட்டானா ஆயிட்டுப் போகுது, மனசுல இருக்கும்ல" என்றார்.

என் சொந்தத் தம்பி என்னைத் தன் நண்பர்களுக்கு 'ரிப்பேர் கடை வச்சிருக்கார்' என்றுதான் அறிமுகம் செய்வான். அண்ணன் என்ற வார்த்தை வராது. டீச்சர் வந்த முதல் நாளே தம்பி என்றார்.

வேலை சுலபமாக முடிந்தது. உறைக்குள் இருக்கும் சின்ன இணைப்புப் பலகைதான் உடைந்திருந்தது. டிஸ்குக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனாலும் முறைப்படி செய்தேன். பழுதான டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. முழுவதையும் நகலெடுத்துவிட்டு, நகலில்தான் கைவைக்க வேண்டும். காலையில் ஆரம்பித்தது, சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள், ஒன்றுகூடச் சேதமில்லை. என் வேலையில் இதைவிடச் சுத்தமான வேலை நான் செய்ததில்லை.

சொல்வதற்காகப் போனை எடுத்தேன். முடிந்தது என்றால் நாளை வருவார், கையெடுத்துக் கும்பிடுவார், அதோடு சரி. "கொஞ்சம் கஷ்டம் டீச்சர். வாராவாரம் வாங்க, வந்த வரைக்கும் பாப்போம்" என்றேன்.

வியாழக்கிழமைகளில் வந்தார். பஸ்ஸில் வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, என்னோடு பேசுவார். நான் சாப்பிட்டேனா என்று கேட்பார். என் முதுகுவலிக்கு ஒரு பயிற்சிகூடச் சொல்லிக் கொடுத்தார், இப்போதும் செய்கிறேன். வெறுங்கையோடு அனுப்பினால் நம்பிக்கை போய்விடும் என்பதால் வாரம் ஒரு படம் காட்டினேன். பழுதான படம் மேலிருந்து கீழாகத்தான் மீளும். பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கும். நல்ல படத்தை அப்படி ஆக்குவது இரண்டு நிமிட வேலை. மகன் பட்டம் வாங்கிய படத்தை நெற்றி வரை வைத்து, மிச்சத்தைச் சாம்பலாக்கிக் காட்டினேன். டீச்சர் திரையைத் தடவினார்.

"நெத்தி வந்துருச்சு தம்பி. அடுத்த வாரம் கண்ணு வந்துரும்ல?"

"முயற்சி பண்றேன் டீச்சர்."

மூன்றாம் மாதம் அவருடைய நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டேன். எட்டாம் மாதம் படங்களைப் பெரிதாக்கினேன். அதன்பிறகு மகள் கையைப் பிடித்து அழைத்துவர ஆரம்பித்தாள். நான் கவனிக்காமல் இல்லை, ஐயா. இந்த வாரம் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். ஆனால் அவர் கிளம்பும்போது "அடுத்த வியாழன் பாப்போம் தம்பி" என்பார். அதைக் கேட்டபின் எனக்கு மனம் வராது.

பதினான்காம் மாதம் மகள் போன் செய்தாள். "அம்மாவுக்குச் சுத்தமா தெரியல சார். இனிமே வர மாட்டாங்க. வந்த வரைக்கும் குடுத்துடுங்க, நாங்களாவது பாக்குறோம்."

புது டிஸ்கில் ஆறாயிரத்தையும் போட்டு நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மீட்பு முடிந்ததும் மென்பொருள் தானாக ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்கும்: எத்தனை கோப்புகள், எந்தத் தேதி, எத்தனை மணி. ஊரார் அழித்ததையெல்லாம் தோண்டி எடுக்கும் நான், அந்த நாலு வரியை அழிக்க மறந்துவிட்டேன். மகள் அதை வாய்விட்டுப் படித்தாள். போன வருடத்துத் தேதி. மாலை நாலு மணி. சேதம் எதுவுமில்லை.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. நான் நின்ற பக்கம் தோராயமாகத் திரும்பினார்.

"அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சுதே தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அப்போதும் தம்பி என்றுதான் சொன்னார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மோசம் செய்தேன் என்று மகள் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கோபம் அவளுக்குத்தான், டீச்சருக்கு இருக்காது. தெரிந்தேதான் செய்தேன், அதை மறைக்கவில்லை. கண் போவதைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன். அதற்கான தண்டனையைக் கொடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கொடுத்தது படங்களை மட்டும்தான். அவன் பேசுகிற, பாடுகிற, அம்மாவைக் கூப்பிடுகிற வீடியோக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. என் கடையிலிருந்து நீங்கள் அள்ளிக்கொண்டு வந்த பெட்டிகளில் தேட வேண்டாம், அங்கே இல்லை. பத்திரமாக இருக்கின்றன. காது நன்றாகத்தான் கேட்கிறது டீச்சருக்கு. அவரை ஒரு நடை இங்கே வரச் சொல்லுங்கள், ஐயா. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் தாங்க மாட்டார். வாரம் ஒன்றாகக் கேட்கட்டும்.